இருபது முகப் பகடை

புஷ்பராணி பினாங்கு ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டாள்.

"புருஷனுக்குப் பிரசன்டா, அக்கா?" என்றார் ஐந்தாவது கடைக்காரர்.

"அவரு ஆடுற ஆட்டத்துக்குத்தான் அண்ணே. இருக்கறதுலயே நல்லதா குடுங்க."

வெல்வெட் பெட்டிக்குள் ஏழு பகடைகள் மின்னின. அதில் ஒன்றுக்கு இருபது முகம்.

அவள் கணவர் நாகநாதனுக்குக் குடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஃபேக்டரி லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை மட்டும், பாயான் பாரு பகுதியில் நண்பர் விஸ்வலிங்கம் வீட்டு மேசையில், கற்பனைக் கதை ஆட்டத்தில் வாளேந்திய வீரராகிவிடுவார். விஸ்வலிங்கம் கதை சொல்லச் சொல்ல, இவர் பகடை உருட்டிப் பூதங்களை வெட்டுவார். இரண்டு வருஷமாகப் புஷ்பராணியோடு கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போக ஒரு ஞாயிறுகூடக் கிடைக்கவில்லை.

பெட்டியோடு புஷ்பராணி நேரே போனது விஸ்வலிங்கம் வீட்டுக்கு.

"தம்பி, இது உங்களுக்கு. கதை உங்க கையிலதானே இருக்கு? இந்த வாரம் அவர சாகடிச்சிடுங்க. செத்துட்டா ஆட்டம் முடிஞ்சிடும்ல?"

விஸ்வலிங்கம் பகடையைத் தடவிப் பார்த்தார். "செஞ்சிரலாம் லா, அக்கா."

ஞாயிறு மாலை நாகநாதன் துள்ளிக்கொண்டு வந்தார்.

"ராணி, நான் செத்துட்டேன்!"

"ஐயையோ!" என்றபடி அவள் கேசரிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.

"பூதம் மிதிச்சிடுச்சு. அதனால என்ன, அஞ்சு நிமிஷத்துல மந்திரவாதியா பொறந்துட்டேன்! இனிமே எல்லாம் முதல்லேருந்து. எந்தப் புண்ணியவானோ விஸ்வலிங்கத்துக்கு அருமையான பகடை குடுத்திருக்கான். அத உருட்டறதுக்காகவே இனிமே சனிக்கிழமையும் ஆட்டம்!"