லோ சியெந்தோ

“லோ சியெந்தோ.”

சொல்லிவிட்டான்.

கப்பல் சமையல்காரர் சிலி நாட்டுக்காரர். மன்னிப்புக் கேட்க ஸ்பானிஷில் என்ன சொல்வார்கள் என்று கேட்டதற்கு, மாவிலிருந்து கையை எடுக்காமலே சொல்லிக்கொடுத்த சொல். பெருவின் கரை தெரிகிறவரை அவன் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

கப்பலில் உடன் வேலை செய்த ராமிரோவின் அம்மா வாசலில் நின்றிருந்தாள்; அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கிராசியாஸ்.”

எதற்கு நன்றி?

பின்னாலேயே ஒரு முதியவர் வந்தார். தொப்பியைக் கழற்றினார். “லோ சியெந்தோ.” அவருக்கும் அதே நன்றி. அடுத்து வந்த பெண்ணும் அதையே சொன்னாள். மகனுக்கான பூசை முடிந்து, தெருவே அந்த வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. துக்கம் விசாரிக்கவும் அதே சொல்தான்.

அவள் அவனைத் துக்கத்துக்கு வந்தவனாக எண்ணிவிட்டாள்.

கூட்டம் கலைந்தது. அவன் மட்டும் போகவில்லை.

ஸ்பானிஷில் இன்னும் ஒரு சொல் தெரியும். கப்பலின் குறுகலான நடையில் தோள் உரசும்போதெல்லாம் ராமிரோ சொல்வது.

“பெர்தோன்” என்றான்.

அவள் சட்டென்று ஒதுங்கி, உள்ளே போக வழிவிட்டாள்.

அதற்கில்லை என்று அவன் தலையசைத்தான். அதற்குமேல் அவனிடம் தமிழ்தான் இருந்தது.

“கிரேன்ல அன்னைக்கு ஏற வேண்டியது நாந்தாம்மா. காய்ச்சல்னு பொய் சொல்லிட்டுப் படுத்துக்கிட்டேன். எனக்குப் பதிலா ராமிரோ ஏறுனான்.”

மகன் பெயரைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து, மறுபடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் மறுகையால் தன் நெஞ்சைத் தொட்டான். மேலே காட்டினான். நெற்றியில் புறங்கையை வைத்தான். இல்லை என்று தலையசைத்தான். மறுபடி மேலே காட்டினான். “ராமிரோ” என்றான். கை தானாகக் கீழே விழுந்தது.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடித்திருந்த அவள் கை மெல்ல நழுவியது.

திரும்பி உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

அவன் படியிலேயே நின்றான். வெயில் முதுகில் ஏறியது. போவதா, நிற்பதா என்று தெரியவில்லை.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

வெகு நேரம் கழித்து, இன்னொரு நாற்காலி, வாசல் பக்கமாக.