எரிமலையும் ஈரத்துணியும்

முதல் கல்யாணம் முறிந்த சாருமதியை மறுபடி பெண் பார்க்க வந்தார்கள். கூடத்துச் சுவரில் இருந்த படத்தைக் கழற்றிவைக்கச் சொல்லிப் பாதித் தெரு வந்து கெஞ்சியும் அவள் கேட்கவில்லை. மீதித் தெரு ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டது. படத்தில், எந்தக் காலத்து வெள்ளைக்காரனோ வரைந்த கடற்கரை நகரம், அதன் தலைக்குமேல் புகைகிற எரிமலை.

"நல்ல காரியம் பேசுற வீட்ல இதையா மாட்டுவாங்க? எந்திரி தம்பி," என்று மாப்பிள்ளையின் அக்கா கிளம்பிவிட்டாள்.

மாப்பிள்ளை குமரேசன் எழுந்தார்தான். ஆனால் வாசலுக்குப் போகாமல் படத்தில் மூக்கு இடிக்க நின்றார். "இங்க ஒரு அம்மா துணி காயப்போடுறாங்களே. சாம்பல் விழாதா?"

வந்த எந்த மாப்பிள்ளையிடமும் அதுவரை வாய் திறக்காத சாருமதி, "விழும். மறுபடி அலசிப் போடுவா," என்றாள்.

"பிழிய ஒரு ஆள் வேணாமா?"

அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் நிற்க இடமிருக்கிறதா என்று சாருமதி கிட்டே வந்து பார்த்தாள்.