நல்லையாவின் முள்கம்பி

காலை ஏழு மணி. நான்கு ஆடுகளில் மூன்று செத்துக் கிடந்தன. எல்லாம் பொன்னம்மாவுடையவை.

மலாயாவின் காஜா பெராங் ஊர் முழுக்கக் கேட்கும்படி அவள் கத்தினாள். "வெளியே வாடா நல்லையா! ஆட்டுப் பால் ஊத்திப் பிழைக்கிறவ வயித்துல அடிச்சிட்டியே!"

பக்கத்து வீட்டு நல்லையா வெளியே வந்தார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

மழைக்காலம் முழுக்கப் பொன்னம்மாவின் ஆடுகள் அவருடைய மரவள்ளித் தோட்டத்தில்தான் மேய்ந்தன. ஜனவரியில் மழை நின்றது. தோட்டத்தைச் சுற்றி அவர் முள்கம்பி கட்டிவிட்டார்.

"வாயில்லா ஜீவனுக்கு ஒரு கை தழை கொடுக்க மனசில்லாத கஞ்சன்! இப்ப மருந்தும் வச்சிட்டே!" என்றாள் பொன்னம்மா.

"மெர்டேக்கா வரப்போகுது, நாடே சுதந்திரம் ஆகப்போகுது. இவரு இன்னும் வெள்ளைக்காரத் துரை மாதிரி வேலி போடுறாரு" என்றான் கூட்டத்தில் நின்ற மருதப்பன். கூட்டம் சிரித்தது.

"நான் எதையும் வைக்கலை பொன்னம்மா. அன்னைக்கே சொன்னேன், மழை வரட்டும்னு..."

"சாக்கு சொல்லாதே! உன் தோட்டத்துல விஷமே இல்லைன்னு கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணு!"

மருதப்பன் கற்பூரத்தைக் கொளுத்தி நீட்டினான். நல்லையா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்படிச் சத்தியம் பண்ண முடியாது."

"கேட்டீங்களா எல்லாரும்!"

ஒரு கல் பறந்து வந்தது. நல்லையாவின் நெற்றி கிழிந்தது.

மாட்டு டாக்டர் கருணாகரன் சைக்கிளில் வந்து சேர எட்டரை ஆனது. ஓர் ஆட்டின் வயிற்றை அறுத்துப் பார்த்தார்.

"மரவள்ளி இலை. யாரும் மருந்து வைக்கலை. மழையில இதைத் தின்னப்போ ஆடு தாங்கிடுச்சு. ரெண்டு மாசம் காய்ஞ்சா அதே இலையில விஷம் ஏறிடும்."

பிறகு வேலியைப் பார்த்தார். ஓர் இடத்தில் கம்பி, ஆடு நுழையும் அளவுக்கு வெட்டப்பட்டிருந்தது.

"இதை யாரு வெட்டினது?"

 கம்பி வெட்டும் குறடு பொன்னம்மா வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் கிடந்தது.

கூட்டம் கலைந்தது. 

மார்ச் கடைசியில் மழை பிடித்தது. மரவள்ளி புதுத் தளிர் விட்டது.

1957 ஏப்ரல் 18, வியாழக்கிழமை, நல்லையா தம் கையாலேயே முள்கம்பியைப் பிரித்துச் சுருட்டி வைத்தார்.