பட்டிக்கு அடியில்

வேனின் தரையில் இருந்த ஓட்டையின் விளிம்பை ஞானதிரவியம் சுத்தியலால் லேசாகத் தட்டினார்.

விளிம்பு நிற்கவில்லை. தாரும், ஓட்டை தெரியாமல் பூசிய பட்டிப் பசையும், துருவும் பாளமாகப் பெயர்ந்து கீழே விழுந்தன. வேனின் தரை வழியே பட்டறையின் மண் தெரிந்தது.

"இதுலதான் அண்ணாச்சி, பிள்ளைக்குக் கால் உள்ள போயிட்டு."

சண்முகக்கனியின் வேன் அது. நான்கு வருடமாக அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள். ஓட்டுவதும் அவள்தான். நேற்றுக் காலை, உப்பளத்தை ஒட்டிய சாலையில் வண்டி போய்க்கொண்டிருந்தபோதே, யூ.கே.ஜி. படிக்கும் ஜெனிலாவின் கால் தரையைப் பொத்துக்கொண்டு இறங்கியது. பக்கத்துப் பிள்ளை அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தியது. அந்தச் சத்தத்தில்தான் சண்முகக்கனி பிரேக் போட்டாள்.

ஒரு ஷூ போனது. முழங்காலுக்குக் கீழே ஐந்து தையல்.

"ரோட்டுல கால் இழுபட்டிருந்தா..." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.

ஞானதிரவியத்துக்கு, வண்டித் தகடு சரிசெய்கிற டிங்கர் வேலையில் முப்பது வருடம். உப்புக்காற்று அடிக்கிற ஊர். துரு தின்ற வண்டி அவருக்குப் புதிதல்ல.

ஓட்டைக்குள் கையை விட்டார். நான்காக மடித்துத் திணித்த சாக்குத் துண்டு ஒன்று வந்தது. அதன் அடியில், ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது எண்ணெய் டின்னில் வெட்டிய தகரம். பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தார்.

தகரத்தின் நான்கு மூலைகளும் சாய்வாக வெட்டப்பட்டிருந்தன.

அவர் கை நின்றது.

மூலையைச் சாய்த்து வெட்டினால் தகரத்தின் முனை தூக்கி நிற்காது. மேலே பட்டி பூசிவிட்டால் எதுவும் தெரியாது. இந்த ஊரில் வேறு யாரும் அப்படி வெட்டுவதில்லை.

அன்றைக்கு அவர் கைக்கு வந்தபோது வேன் வெள்ளை. இப்போது மஞ்சள்.

புரோக்கர் ஒருவன் கொண்டுவந்து நிறுத்தினான். பார்வைக்கு நன்றாக இருந்தால் போதும், கருவாடு ஏற்றத்தான் வாங்குகிறார்கள் என்றான். ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். அழுகிய தகட்டை வெட்டி எடுக்கவில்லை. வெல்டிங் வைக்கவில்லை.

"எவன் அண்ணாச்சி இப்படிச் செஞ்சிருப்பான்?" அவள் சாக்குத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் பிள்ளைய இதுல ஏத்திவிடுவானா?"

கருவாட்டுக்கென்று சொன்னார்களே என்ற பேச்சு நாக்குவரை வந்தது. விழுங்கினார்.

எவனோ என்றால் போதும். நம்பிவிடுவாள். நல்ல வேலைக்காரர் என்று நாலு பேர் சொல்லித்தான் அவரிடம் வந்திருக்கிறாள்.

சுத்தியலைத் தரையில் வைத்தார்.

"நான்தாம்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"அஞ்சு வருசம் இருக்கும். இது என் கை வேல."

பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் ஓடி ஓய்ந்தது.

அவள் தகரத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. அடிப்பாள் என்று நினைத்தார். அடித்துவிட்டால் தேவலை என்றும் நினைத்தார்.

அவள் விறுவிறுவென்று போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைச் செருகினாள்.

வண்டி கிளம்பவில்லை. அவள் சாவியைத் திருப்பவே இல்லை.

இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. பார்வை, தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில். அதில் பிள்ளைகள் உட்காரும் இருக்கைகள் காலியாகத் தெரிந்தன.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

பிறகு இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. குரல் தெளிவாக இருந்தது.

"அப்ப, வேற எங்கெல்லாம் சாக்கு வச்சு அடைச்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியும்லா."

தலையசைத்தார்.

"காட்டுங்க."

சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம். படிக்கட்டின் ஓரத்தில் ஒன்று. சக்கரத்துக்கு மேலே, உள்பக்கமாக ஒன்று. கதவுக்கு அடியில் போட்ட வட்டம் மூடவில்லை. திரும்ப வரைந்தார்.

ஒவ்வொன்றையும் அவள் குனிந்து பார்த்தாள்.

கடைசியில், பின்னால் இருந்த நீள இருக்கைக்கு முன்னால் வந்து நின்றார். இருப்பதிலேயே சின்னப் பிள்ளைகள் உட்காருகிற இடம். சாக்பீஸ் பிடித்த கை எழவில்லை.

"இதுக்குக் கீழயுமா?"

அவள் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள். குனிந்து இருக்கையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தாள்.

மறுமுனையை அவர் பிடிக்கட்டும் என்று அப்படியே நின்றாள்.