மேல்மாடிக்குப் போகிறவர்கள்

“இந்தா, இன்னொண்டு வந்திட்டுது,” என்று சிவகௌரி வாய்க்குள் முணுமுணுத்தாள்.

முகாமையாளர் சண்முகநாதன் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். பின்னால், கழுத்தில் புது அடையாள அட்டையோடு ஓர் இளம்பெண்.

“கௌரி, இது நிவேதனா. படிச்ச பிள்ளை. உம்மடை வேலை முழுக்கப் பழக்கிவிடும். ஒண்டும் விடாமல்.”

“ஓம் சேர்.”

மருதனார்மடத்தில் நெல்லிக்காய்ப் பானமான நெல்லி கிரஷ் செய்யும் அந்தக் கொம்பனி தொடங்கிய நாளிலிருந்து சீனிப் பாணி காய்ச்சும் பகுதி சிவகௌரியின் பொறுப்பு. அவளிடம் வேலை பழகிய டிலக்ஷனும் உதயகலாவும் இப்போது மேல்மாடியில், ஏ.சி. அறையில். போன கிழமைகூட டிலக்ஷன் இறங்கி வந்து, “ஏன் அக்கா இண்டைக்குப் போத்தல் குறைவு?” என்று அதட்டிவிட்டுப் போனான். அடுப்பைப் பற்றவைக்கவே அவனுக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தவள்.

அவளும் கேட்காமல் இல்லை. பேராதனைப் பயிற்சிக்குத் தன்னை அனுப்பச் சொல்லி இரண்டு தரம் கேட்டாள். “நீர் போனால் கீழை ஆர் பாக்கிறது?” என்று சண்முகநாதன் சிரித்து மழுப்பினார். மேலே போவதற்கு ஒருவருக்கு என்ன வேண்டும் என்று அந்தக் கொம்பனியில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

இந்த முறை பழக்குவதில்லை என்று முடிவெடுத்தாள்.

“அக்கா, பாணி இறக்கிற பதம் எப்பிடித் தெரியும்?”

“பாத்துப் பாத்துத்தான் வரும்.”

“ஒருக்காக் காட்டித்தாங்கோவன்.”

“இப்ப நேரமில்லை. போய்ப் போத்தலைக் கழுவும்.”

நிவேதனா முகம் சுளிக்காமல் கழுவினாள். மத்தியானம் தன் கத்தரிக்காய்ப் பொரியலை அவளிடம் நீட்டினாள். சிவகௌரி வேண்டாம் என்றாள். நாளைக்கு மேலே ஏறியதும் இவளும்தானே போத்தல் கணக்குக் கேட்கப்போகிறாள்!

ஒரு நாள் சண்முகநாதன் வந்து, “தனிய விட்டால் செய்வாவோ?” என்று கேட்டார்.

“விட்டுப் பாருங்கோ.”

அன்று பாணி கொதிக்கும் பெரிய கிடாரத்தடியில் நிவேதனாதான் நின்றாள். பாணி அளவுக்கு மிஞ்சி இறுகுவது சிவகௌரிக்கு மணத்திலேயே தெரிந்தது. வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு லேபல் பெட்டிகளை அடுக்கினாள். கிடாரம் முழுக்கக் கருகிப்போனது.

எல்லோருக்கும் முன்னால் டிலக்ஷன் கத்தினான். நிவேதனா சிவகௌரியைத்தான் பார்த்தாள். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

கிழமை முடிவதற்குள் சண்முகநாதன் சிவகௌரியை மேலே கூப்பிட்டார்.

“நிவேதனா வேலையை விட்டிட்டா. பாணி கருகேக்கை நீர் பக்கத்திலை சும்மா நிண்டனீராம். உண்மையோ?”

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல சிவகௌரி வெடித்தாள்.

“ஓம் சேர், நிண்டனான். எத்தினை பேரைத்தான் நான் பழக்கிப் பழக்கி மேலை ஏத்திவிடுறது? ஏறினவை என்னையே வெருட்டினம். நான் சாகுமட்டும் கீழை நிண்டு கிண்டவோ? உவவும் எனக்கு மேலை வந்து இருக்கிறதுக்கு நான் ஏன் பழக்கவேணும்?”

சண்முகநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“உம்மை மேலை எடுக்கத்தான் பிள்ளை, அவவை உம்மடை இடத்துக்குக் கொண்டுவந்தனான்.”