கழித்துப் பார்த்தல்

தன் நெஞ்சு எக்ஸ்ரே இரண்டையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பரப்பினார். போன வருடம் எடுத்தது இந்தப் பக்கம். இன்று காலை எடுத்தது அந்தப் பக்கம்.

"பாரு" என்றார் மகளிடம்.

டாக்டர் பார்த்தாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியும் ஆயிற்று. சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மகளை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

காலமெல்லாம் லாரி ஓட்டியவர். எந்த செக்போஸ்ட்டில் எவன் எதற்குச் சிரிக்கிறான் என்று தெரியும்.

மகள் பூங்கோதைக்கு வெளிநாட்டில் வேலை. விண்வெளியில் நிற்கிற தொலைநோக்கி அனுப்பும் படங்களைப் பார்க்கிற வேலை. வானத்தில் ஒரே இடத்தை ஒரு வருடம் விட்டு மறுபடி எடுத்திருக்கும். புதுசிலிருந்து பழசைக் கழிப்பாள். இரண்டிலும் இருப்பதெல்லாம் மறைந்துபோகும். மிச்சம் ஒரு புள்ளி நின்றால், அங்கே ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது.

பூமியே உண்டாகாத காலத்தில் வெடித்ததாம். வெளிச்சம் இப்போதுதான் வந்து சேர்கிறதாம்.

அவர் நம்பியதில்லை.

"பூமியே இல்லாதப்ப நடந்ததுக்கு, நீங்க இப்ப வந்து சாட்சி சொல்றீகளாக்கும்" என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

இன்று கேலி பண்ணத் தெம்பில்லை.

"கழிச்சுப் பாரு ஆத்தா. ஒன் வேலைதான."

"அது வேற, இது வேறப்பா."

"எல்லாம் புள்ளிதான. பாரு."

இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

அவர் எக்ஸ்ரேயைப் பார்க்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தார்.

அது மேலும் கீழும் ஓடியது.

ஓர் இடத்தில் நின்றது.

பிறகு அவசரமாக மறுபடி ஓடியது.

"ஒண்ணுமில்லப்பா."

"சரி."

தலையணையில் சாய்ந்தார். அந்த ஒரு சொல்லுக்கே மூச்சு வாங்கியது.

"அப்ப ஞாயித்துக்கெழம நீ பிளேன் ஏறு. இங்க ஒக்காந்து என்னத்தக் கிழிக்கப்போற."

அவள் எக்ஸ்ரேக்களை உறையில் போட்டாள். புதுசைப் பழைய உறையிலும், பழசைப் புது உறையிலும்.

"டிக்கெட்டத் தள்ளிப் போட்டுட்டேம்ப்பா."

"எப்ப வரைக்கும்?"

"தேதி போடல."



அவர் காலை மடக்கிக்கொண்டு, அவள் உட்கார இடம் விட்டார்.