பின்னால் சுற்றும் தண்டு

ஆரல்வாய்மொழிக் காற்று தகரக் கூரையைத் தடதடவென்று அடிக்கிறது. பழைய வண்டிகளைப் பிரித்தெடுக்கும் அந்த முற்றத்தில், முன்பக்கம் நசுங்கிய வெள்ளை வேன் ஒன்று சக்கரமில்லாமல் மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. அதன் எண்ணெயையெல்லாம் ஒரு சொட்டுகூட மண்ணில் விழாமல் டின்னில் வடித்தாயிற்று. பேட்டரியும் கழன்று தனியே இருக்கிறது. கீழே இறக்கிய கியர்பாக்ஸின் முன்னால் சுஜா குத்தவைத்திருக்கிறாள். தோவாளைச் சந்தையிலிருந்து பூ ஏற்றி ஓட்டும் அவளுடைய வேனும் இதே மாடல்தான். நாலு மாதமாக அதில் ரிவர்ஸ் விழுவதில்லை. சந்துக்குள் போய்விட்டால் பின்னால் தள்ள ஆள் கூப்பிட வேண்டும். புது கியர்பாக்ஸ் வாங்கலாமென்றால் கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது.

"இதும் சரியில்லன்னா உருக்கத்தான் அனுப்பணும், மக்கா," என்கிறார் முற்றத்துக்காரர் சத்தியநேசன், லீவரைப் பிடித்தபடி.

கியர்பாக்ஸின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை சுஜா இரண்டு கையாலும் சுற்றுகிறாள். அவர் லீவரைத் தள்ள, ஒன்றாம் கியர் விழுகிறது. இரண்டு, மூன்று, நாலும் வழுக்கிக்கொண்டு விழுகின்றன. தண்டின் மறுமுனையும் அவள் சுற்றும் பக்கமே சுழல்கிறது.

"அண்ணே, இனி ரிவர்ஸப் போடுங்க."

லீவர் முரண்டு பிடிக்கிறது. சத்தியநேசன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொருமுறை இழுக்கிறார். கடக்கென்று உள்ளே ஏதோ பொருந்துகிறது. சுஜா வலப்பக்கம் சுற்ற, மறுமுனை இடப்பக்கமாகச் சுழல்கிறது.

"விழுந்துட்டு! அண்ணே, விழுந்துட்டு!"

வெயில் பட்டு அந்த இரும்புமுனை மின்னுகிறது.

"கையெல்லாம் கரி, தொடச்சுக்கோ," என்று அவர் துணியை நீட்டுகிறார். அவள் வாங்கவில்லை. சிரித்துக்கொண்டே சுற்றுகிறாள், மறுபடியும் சுற்றுகிறாள்.